கதவுக்குள் கடல்

கார்த்திகாவை முத்துராஜ் வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது.

லாங் ஐலண்ட் தீவுப் பள்ளிக்கு மாற்றல் வந்த பிறகு அருண்பிரசாத் மாஸ்டருக்கு வேறு வழி தெரியவில்லை. தாயில்லாத நான்கு வயதுப் பெண்ணைப் படகில் கூட்டிக்கொண்டு போய்விடலாம். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது யார் கையில் கொடுப்பது? போன வாரம் முழுக்க அதையே யோசித்துவிட்டு, கடைசியில் பத்துபஸ்தியிலிருக்கும் முத்துராஜுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

மறுமுனையில் முத்துராஜ் அழுதுவிட்டான்.

அந்த அழுகை அருணுக்கு ஆறுதலாக இருந்தது. அவனுக்கு அழ வரவில்லை. ஒன்றரை வருஷமாக வரவில்லை. செத்துப்போன மனைவி சித்ராவுக்காக அழ வேறு ஒருவனாவது இருக்கிறானே.

முத்துராஜ் சித்ராவின் அண்ணன். பட்டறை மெக்கானிக். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து வீட்டோடு அப்பாவையும் அம்மாவையும் கடல் கொண்டுபோன பிறகு தங்கைக்கு எல்லாமே அவன்தான். கல்யாணத்துக்கு அவன் கொடுத்த சீர் ஒரு அம்பாசிடர் கார். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த பெண் சொந்தக் காரில் புருஷன் வீட்டுக்குப் போகிறாள் என்று அருணின் ஊரான பெரார்கஞ்சே வாசலுக்கு வந்து பார்த்தது.

கார் கொடுத்தபோது முத்துராஜ் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"இந்த வண்டியில வேற கை படக் கூடாது மச்சான். என்ன கோளாறுன்னாலும் எனக்குச் சொல்லுங்க. நான் ஓடியாருவேன்."

ஓடியும் வந்தான். பாரம் ஏறினால் இருமும் வண்டி அது. இடதுபக்கம் திரும்பினால் ஹார்ன் தானாக அடிக்கும். ஓட்டுநர் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். காலடித் தகரம் இற்றுப்போய் ஓட்டை விழுந்தது. பலகை வைத்து மூடும்வரை கார்த்திகா அதன் வழியே ரோடு ஓடுவதைப் பார்த்துக் கை தட்டுவாள். ஒவ்வொரு முறையும் முத்துராஜ் வருவான், கல்கத்தாக் கப்பலில் யார் கையிலோ சாமான் சொல்லி வரவழைப்பான், காருக்கு அடியில் படுப்பான். சாப்பிடச் சொன்னால்கூட மறுப்பான். அதைப் பாசம் என்று அருண் எடுத்துக்கொண்டான்.

சித்ராவும் அந்தக் காரைக் குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் டாங்கிலிருந்து ஓஸ் இழுத்துக் கழுவுவாள். மேலே ஒரு நிமிஷம், அடியில் ஒரு மணி நேரம். குனிந்து, கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேயிருப்பாள். அப்புறம் பானெட்டில் சந்தனமும் குங்குமமும்.

"சாமி என்ன வண்டிக்கு அடியிலயா குடியிருக்கு?" என்று அருண் கேலி செய்வான்.

"எல்லா இடத்திலயும் இருக்கும். மாஸ்டருக்குத் தெரியாதா?" என்பாள்.

அவள் போன பிறகு அவன் அடியில் கழுவுவதில்லை. பொட்டு மட்டும் வைக்கிறான்.

*

சந்திரமதி நேற்றே பஸ் பிடித்துப் பெரார்கஞ்சுக்கு வந்துவிட்டாள். முத்துராஜின் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மஞ்சள் கவுனும் சிவப்பு பிளாஸ்டிக் வளையல்களும் வாங்கி வந்திருந்தாள். வளையல்கள் கார்த்திகாவின் கைக்குப் பெரியவை.

"அளவு தெரியல தம்பி. இனிமே தெரிஞ்சுக்குவேன்" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

இன்று காலை கிளம்பினார்கள். பின் சீட்டில், இடதுபக்கக் கதவோரம் கார்த்திகா. பக்கத்தில் சந்திரமதி. டிக்கியில் ஒரு சின்னப் பை.

"சொல்லு பாப்பா" என்றான் அருண், சாவியில் கை வைத்து.

"மாமா வண்டி, மாமா வண்டி, கிளம்பு!"

இரண்டாவது தடவை சொன்னதும் கிளம்பியது. சந்திரமதி சிரித்தாள்.

"பத்துபஸ்தி வீட்டு மாடியிலருந்து பார்த்தா ஏரோப்ளேன் எறங்குறது தெரியும். டெய்லி காட்டுறேன், என்னா?"

"அப்பாவும் பார்ப்பாரா?"

சந்திரமதி கண்ணாடியில் அருணைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான்.

துஷ்ணாபாத் தாண்டியது. வயல்கள் போயின. சௌல்தாரி ஏற்றம் வந்ததும் அருணின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. எப்போதும் இறுகும் இடம் அது.

வண்டி ஒரு தடவை குலுங்கியது. மீட்டர் முள் விழுந்தது. அப்படியே நின்றது.

அதே ஏற்றம். அன்றும் இப்படித்தான். சித்ராவுக்கு இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்குமுன்பே இரத்தம் போக ஆரம்பித்தது. விடியும் நேரம், நல்ல மழை. இதே இடத்தில் முள் விழுந்தது. அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தள்ளிப் பார்த்தான். பின் சீட்டில் சித்ரா, "அண்ணனுக்குப் போன் போடுங்க, அண்ணனுக்குப் போடுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு லாரி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு உயிரும் இல்லை.

எரித்துவிட்டு வந்த அன்று முத்துராஜ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"அந்த வாரம் சர்வீஸுக்குக் கொண்டாங்கன்னு சொன்னேனே மச்சான். கொண்டாந்திருந்தா நின்னிருக்காதே."

உண்மைதான். சொல்லியிருந்தான். பரீட்சைத்தாள் திருத்தும் வேலையில் அருண் போகவில்லை. சந்திரமதி இன்னும் ஒரு படி மேலே போய், எல்லோர் முன்னாலும், "ஒரு வண்டியைப் பார்த்துக்கத் தெரியாத மனுசன்கிட்ட எங்க புள்ளையக் குடுத்தோமே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து குனிந்த தலைதான். கார்த்திகாவைக் கொடுக்கச் சம்மதித்ததில் மாற்றல் பாதி. மீதி இதுதான். அவர்கள் வீட்டுப் பெண்ணைத் திருப்பித் தர முடியாது. அவள் பெண்ணையாவது தரலாம்.

*

ஏற்றத்தின் ஓரத்தில் ஒரு டீக்கடை புதிதாக வந்திருந்தது. கடைக்காரர் நாகலிங்கம் துண்டை உதறிக்கொண்டே வந்தார். இராமநாதபுரத்து ஆள். அன்று நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்ன சார், வண்டிக்கு நம்ம கடை டீ வாசம் புடிச்சிருச்சா? கரெக்டா வாசல்ல நிக்குது!"

"செல்ஃப் எடுக்கல."

"வளைவுலதான் நம்ம பிஸ்வாஸ் பாய் பட்டறை. ஒரு ஆவாஸ், ஒரு கொரல் குடுத்தா வந்துருவாரு. கூப்பிடவா?"

"வேண்டாம். எங்க மச்சான் வருவார். வேற யாரும் தொடக் கூடாது."

"ஏன் சார், காருக்கு என்ன தீட்டா?" நாகலிங்கம் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை என்றதும் டீ போடப் போனார்.

முத்துராஜ் போனில் பதறினான். "எங்கன? சௌல்தாரியா? நீங்க ஒன்னும் தொடாதீங்க மச்சான். ஸ்கூட்டர எடுத்துட்டேன், வந்துட்டேன்."

காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கார்த்திகா ஜன்னல் கண்ணாடி இறங்கும் பிளவில் ஒரு வளையலை நுழைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கே ரப்பர் எப்போதோ இற்றுப் போயிருந்தது. வளையல் உள்ளே விழுந்தது. கதவுக்குள் எங்கோ 'டக்' என்றது.

வீரிட்டு அழுதாள்.

"மாமா வந்து எடுத்துத் தருவாரு கண்ணு. மாமாவுக்குத்தான் இந்த வண்டி தெரியும்" என்றாள் சந்திரமதி.

"இப்ப வேணும்! அத்தை குடுத்த வளையல்! இப்ப வேணும்!"

அத்தை குடுத்த வளையல். அதைக் கேட்டுச் சந்திரமதியின் முகம் மாறியதைப் பார்த்தபின் அருணால் சும்மா இருக்க முடியவில்லை. இறங்கினான். பின் கதவைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, உள்பக்க ரெக்சினின் கீழ் மூலையைப் பிடித்து லேசாக இழுத்தான்.

ரெக்சினுக்குப் பின்னாலிருந்த அட்டை, டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது.

மணல் கொட்டியது.

முதலில் ஒரு பிடி. பிறகு நிற்காமல். அவன் செருப்பின் மேல், பாதத்தின் மேல், தார் ரோட்டின் மேல் குவிந்தது. ரோட்டுப் புழுதி இல்லை. வெள்ளை மணல். உடைந்த பவளத் துண்டுகள். அரிசியளவு கிளிஞ்சல்கள். நாடாவைப் போல் காய்ந்த ஒரு கடற்பாசி.

கதவுக்குள்ளிருந்து உப்பு வாடை வந்தது.

டீ கிளாஸோடு வந்த நாகலிங்கம் அப்படியே நின்றார்.

"ஆத்தாடி. சார், இது சுனாமியில முங்குன வண்டி."

"என்ன?"

"எங்க சித்தப்பா ஒரு ஜீப்பு இப்படித்தான் வாங்கி ஏமாந்தாரு. அப்ப கடல்லருந்து இழுத்துப் போட்ட வண்டிங்க எத்தனையோ. கழுவி, பெயின்ட் அடிச்சுட்டா யாருக்குத் தெரியும்? ஆனா உப்பு போவாது சார். வயரெல்லாம் உள்ளுக்குள்ளயே பச்சை பூத்துச் செத்துரும். எப்ப நிக்கும்னு சாமிக்கே தெரியாது." அருணின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யாரு சார் உங்க தலையில கட்டுனது?"

 அருணின் கை மணலுக்குள் தானாகத் தேடியது. சிவப்பு வளையல் கிடைத்தது. அதற்கும் கீழே, கதவின் அடியில், இன்னொன்று விரலில் மாட்டியது. பச்சை. வெளிறிப்போனது. கார்த்திகாவின் கையைவிடச் சின்னக் கைக்கு உரியது.

இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"தம்பி." சந்திரமதி காரிலிருந்து இறங்கினாள். "எங்க வீட்டுக்காரரையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க. அவருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமாம்கா. அப்படித்தான் இருக்கும்."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். ஒன்றரை வருஷத்தில் அவன் எதையும் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

*

முத்துராஜ் ஸ்கூட்டரை நிறுத்தினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் கண் நேராகக் கதவடிக்குப் போயிற்று.

"யாரு இந்தக் கதவத் தொறந்தது?"

மணல் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை.

அருண் எழுந்தான். "தெரியும், இல்லையா?"

"மச்சான்..."

"தெரியுமா தெரியாதா முத்துராஜ்?"

அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. சந்திரமதி தோளில் தூங்கிப்போயிருந்த கார்த்திகாவை இறுக்கிக்கொண்டாள்.

முத்துராஜ் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். பட்டறைக் கறை படிந்த கைகளையே பார்த்தான்.

"மத்த மூணு கதவையும் கழட்டிக் கழுவுனேன். இதோட உள்பக்க அட்டை மட்டும் இறுகிப் போயிருந்துச்சு. கழட்ட முடியல."

"அதை நான் கேட்கல."

"அப்பா அம்மா போயி, வீடு போயி, கட்டுன துணியோட கேம்ப்ல இருந்தா என் தங்கச்சி. அவள வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா? இரும்புக்குப் போக வேண்டிய வண்டி. நான் ஓட வெச்சேன். ஏழெட்டு மாசம் ஒத்த ஆளா ஒக்காந்து ஓட வெச்சேன். ஓடுச்சா இல்லையா?"

"சித்ரா செத்த அன்னிக்கும்தான் ஓடுச்சு. இங்க வரைக்கும்."

"வண்டியே இல்லாட்டி அந்த மழையில என்னா செஞ்சிருப்பீங்க மச்சான்?"

"எதிர்வீட்டு ஜீப்பைக் கேட்டிருப்பேன்." அருணின் குரல் உயரவில்லை. "சொந்தக் கார் இருக்குன்னு கேட்கல."

முத்துராஜ் கறைக் கையைச் சட்டையில் துடைத்தான். 

"அதையும் விடுங்க. ஏமாத்துனீங்க, சரி. சுடுகாட்டுலருந்து வந்து என் தோளைப் பிடிச்சு என்ன சொன்னீங்க? சர்வீஸுக்குக் கொண்டாந்திருந்தா நின்னிருக்காதுன்னு சொன்னீங்க. நான் அதை நம்பினேன். தினமும் நம்பினேன். சாப்பிடும்போது, பாடம் நடத்தும்போது, இவளைத் தூங்க வைக்கும்போது. நான்தான் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டுப் பெத்த பிள்ளையைத் தூக்கிட்டு உங்க வாசலுக்கு வந்துக்கிட்டிருந்தேன்."

நாகலிங்கம் கடைக்குள் போய்விட்டார். 

சந்திரமதிதான் பேசினாள். புருஷனைப் பார்த்து, மெதுவாக.

"நான் அவரை ஊர் முன்னால என்னா பேச்சுப் பேசுனேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க. கேட்டுக்கிட்டுத்தான நின்னீங்க?"

முத்துராஜுக்கு அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"நான் மட்டுமா? எல்லாரும் என்னையே கேளுங்க! என் தங்கச்சிக்குத் தெரியாதா? அவளும்தான் எங்கூட நின்னு கழுவுனா. 'அவருகிட்டச் சொல்லாதண்ணே, கௌரவமா இருக்கட்டும்'னு சொன்னதே அவதான். வாராவாரம் அடியில நல்ல தண்ணி விட்டா உப்பு எறங்கிரும்னு நான் சொல்லிக் குடுத்தேன். விட்டாளா இல்லையா, நீங்களே சொல்லுங்க!"

வெள்ளிக்கிழமைகள்.

ஓஸ் பிடித்துக் குனிந்த முதுகு. மேலே ஒரு நிமிஷம், அடியில் ஒரு மணி நேரம். எல்லா இடத்திலயும் இருக்கும், மாஸ்டருக்குத் தெரியாதா?

மாஸ்டருக்குத் தெரியவில்லை.

கடைசி மாதங்களில் வயிறு பெரிதாகி அவளால் குனிய முடியவில்லை. ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தது இப்போது நினைவுக்கு வந்தது. "குடு, நான் கழுவுறேன்" என்று அவன் எழுந்தபோது, "வேணாம், உங்களுக்குச் சரியா வராது" என்று தண்ணீரை நிறுத்திவிட்டாள். அடியில் விடச் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அவள் வயிற்றுப்பிள்ளையோடு அதே காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அன்று மழையில், அண்ணனுக்குப் போன் போடுங்க என்று அவள் ஏன் அப்படித் துடித்தாள் என்பதும் இப்போது விளங்கியது.

முத்துராஜிடமாவது கேட்க முடிந்தது. அவளிடம் கேட்க முடியாது.

*

ஏற்றத்தின் மேலிருந்து பெரார்கஞ்ச் போகும் பஸ் ஹார்ன் அடித்தபடி இறங்கி வந்தது. அருண் ரோட்டின் நடுவில் போய் நின்று கை காட்டினான்.

"மச்சான், என்னா செய்றீங்க? லாங் ஐலண்ட்ல யாரு பார்த்துப்பா இவள? கோவத்துல புள்ள வாழ்க்கையக் கெடுக்காதீங்க."

அருண் டிக்கியைத் திறந்து பையை எடுத்தான். சந்திரமதியின் முன்னால் வந்து கைகளை நீட்டினான்.

"சந்திரா, குடுக்காத!" என்றான் முத்துராஜ். "ஒரு வார்த்தை நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

சந்திரமதி குழந்தையின் தலைமுடியில் முகத்தை வைத்து ஒரு தடவை மூச்சை உள்ளிழுத்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். வியர்வையில் ஒட்டியிருந்த மஞ்சள் கவுனை அவள்தான் நீவிவிட்டாள்.

"எனக்குத் தெரியாது தம்பி. என்னைப் பெத்தவங்க மேல சத்தியமா தெரியாது."

"உங்களைச் சொல்லலக்கா."

"சரியான அளவு வளையல் வாங்கி அனுப்புறேன். வேணாம்னு சொல்லிராதீங்க."

அவள் போய் டீக்கடை பெஞ்சில் புருஷனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"சாவி?" என்று கேட்டான் முத்துராஜ். 

"வண்டியிலதான் இருக்கு."

இந்தத் தீவில் யாரும் சாவியை எடுத்துப் பூட்டுவதில்லை. காரைத் திருடிக்கொண்டு எவன் எங்கே போவான், சுற்றிலும் கடல். அருண் பஸ்ஸில் ஏறினான். பின் கண்ணாடி வழியே பார்த்தபோது முத்துராஜ் கதவடியில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை அள்ளிக்கொண்டிருந்தான். எங்கே போடுவது என்று தெரியாதவன்போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பஸ் வளைவில் திரும்பிய பிறகு அருண் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கண் எரிந்தது. அழ வரவில்லை. அழுதால் யாருக்காக அழுவது என்று இன்று அவனுக்குத் தெரியவில்லை.

துஷ்ணாபாத் வயல்கள் வந்தபோது கார்த்திகா விழித்தாள்.

"அப்பா, மாமா வீடு வந்துருச்சா?"

"இல்ல. நம்ம வீட்டுக்குப் போறோம்."

"என் வளையல்?"

அவன் சட்டைப்பையில் கை விட்டான். இரண்டும் சேர்ந்தே வந்தன. அவள் சிவப்பை மாட்டிக்கொண்டாள். பச்சையை மாட்டிப் பார்த்தாள். விரல் முட்டியோடு நின்றுவிட்டது.

"இது சின்னது. எந்தப் பாப்பாவோடது?"

இவள் கைகூட நுழையாத அந்த வளையத்தைப் பார்த்தபடி அருண் உட்கார்ந்திருந்தான். அந்தக் கார் யாருடையது என்று அவன் கேட்கவேயில்லை. கடல் வந்த அன்று காலை அதன் பின் சீட்டில், இவள் உட்காரும் அதே கதவோரத்தில், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் கேட்கவில்லை.

முத்துராஜுக்குத் தெரிந்திருக்கும்.

பஸ் பெரார்கஞ்ச் திருப்பத்தில் வேகம் குறைத்தபோது அருணின் போன் அடித்தது. சந்திரமதி.

"தம்பி," என்றாள். பின்னால் முத்துராஜ் விசும்பும் சத்தம் கேட்டது. "அந்தக் கதவுல இன்னொரு வளையல், சின்னதா ஒரு பச்சை வளையல், இருந்துச்சான்னு இவரு கேக்குறாரு."